மலைமேல் மட்டும் செத்த பிரவுசர்

"எங்க மெஷின்ல நல்லாத்தானே ஓடுது" என்று நீங்கள் ஒவ்வொருவரும் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்துக்குள் சொல்லியிருப்பீர்கள். சொல்லாதவர் யாராவது இருந்தால், அவர் இன்னும் வேலையைத் தொடங்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். நானும் சொன்னவள்தான். மலைமேல் இருந்த ஒரு பெண்ணிடம், போனில், குரலை உயர்த்திச் சொன்னேன். அதற்குக் கிடைத்த பலனைத்தான் எழுதப்போகிறேன். "புதுப் பிள்ளைகளுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதிக் குடுங்கக்கா" என்று கம்பெனியில் கேட்டிருந்தார்கள். நல்ல வார்த்தை என்னிடம் ஸ்டாக் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் இந்தக் கம்பெனியில் டெஸ்டிங் பார்த்து ஓய்வு பெற்றவள். மற்றவர்கள் கட்டுவதை உடைத்துப் பார்ப்பது என் சோலி. இதற்குப் போய்ச் சம்பளம் தருவார்களா என்று என் மாமியாருக்குக் கடைசிவரை சந்தேகம் தீரவில்லை. அப்போது நம் அலுவலகம் போடியில், முதலாளி குடும்பத்து ஏலக்காய்க் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. கீழே காய் சலித்துத் தரம் பிரிப்பார்கள். மேலே நாங்கள் புரதங்களையும் வைரஸ்களையும் திரையில் சுழற்றிக்கொண்டிருப்போம். மாடிப்படி பொதுவானது என்பதால் இரண்டு தரப்புக்கும் டீ ஒரே தூக்குவாளியில் வரும்.

மூலக்கூறுகளை பிரவுசரிலேயே முப்பரிமாணத்தில் பார்க்கும் மென்பொருளைச் செய்துகொண்டிருந்தோம். எதையும் நிறுவ வேண்டாம், ஒரு லிங்க் போதும். சின்ன மூலக்கூறு என்றால் சொன்ன பேச்சைக் கேட்கும். பெரியது வந்தால்தான் வம்பு. அணு ஒவ்வொன்றையும் ஓர் உருண்டையாகக் காட்ட வேண்டும். கணினிக்கு உருண்டை வரையத் தெரியாது. குட்டிக் குட்டி முக்கோணங்களை ஒட்டித்தான் உருண்டை பண்ணும். கிட்டத்தில் போகப் போக வழவழப்பாகத் தெரிய வேண்டுமென்று இன்னும் நிறைய முக்கோணங்களை அடுக்கும். அத்தனையும் மெமரியில் போய் உட்காரும். இடம் தீர்ந்தால் பிரவுசர் அந்தப் பக்கத்தையே கொன்றுவிட்டு ஒரு சோக மூஞ்சியைக் காட்டும். எல்லாவற்றையும் செய்துவிட்டு மூஞ்சியையும் தூக்கி வைத்துக்கொள்ளும் அந்தப் படத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஜின்சி எங்கள் மென்பொருளை ஆரம்பத்திலேயே நம்பி எடுத்துக்கொண்டவள். போடிமெட்டுக்கு மேலே, ஏலத் தோட்டங்களுக்கு நடுவில் ஓர் ஆராய்ச்சி நிலையம். அங்கே முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தாள். ஏலச்செடிக்கு வருகிற கட்டே நோய்தான் அவள் பாடம். இலையில் வெளிர்ப்பச்சைக் கோடுகள் விழும், செடி குன்றிப்போகும், காய் அற்றுவிடும். மருந்து கிடையாது, பிடுங்கி எறிவதுதான் வழி. அதைக் கொண்டுவருகிற வைரஸ் நூல் மாதிரி நீளமானது. ஒரே புரதம் ஆயிரக்கணக்கில் சுருள் சுருளாக அடுக்கி உண்டானது. ஜின்சி அந்த முழு நூலுக்கும் ஒரு மாதிரியைக் கணினியில் கட்டியிருந்தாள்.

செடியின் புரதம் ஒன்று அந்த நூலின்மேல் ஓரிடத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது என்பது அவள் கண்டுபிடிப்பு. ஒட்டுவதற்கு முன் ஒரு மாதிரி, ஒட்டிய பின் ஒரு மாதிரி. இரண்டையும் ஒரே கோணத்தில் வைத்து மாற்றி மாற்றிப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். ஆய்வேட்டைப் படித்த வெளியூர்த் தேர்வாளர், "படங்கள் போதாது, படத்துக்கு வசதியான கோணத்தைத் தேர்ந்துகொள்ளலாம். வாய்மொழித் தேர்வில் நேரில் திருப்பிக் காட்டட்டும்" என்று எழுதிவிட்டார். காட்ட முடியாவிட்டால் ஆய்வேடு திரும்பி வந்துவிடும். பல வருஷத்து உழைப்பு எங்கள் பக்கம் ஒன்று திறந்து மூடுவதில் வந்து நின்றது.

"அக்கா, கொஞ்ச நேரம் மாத்தி மாத்தித் தொறந்தா பிரவுசர் செத்துப்போகுதுக்கா" என்றாள் போனில்.

"எங்க மெஷின்ல நல்லாத்தானே ஓடுது!"

"இங்க ஓடலியே. நான் என்ன செய்யட்டும்?"

நிரல் முழுவதும் செல்வத்தின் கைவேலை. ராசிங்காபுரத்துக்காரன், கெட்டிக்காரன், தன் நிரலில் குறை என்றால் முதலில் காற்றைக் குற்றம் சொல்லுவான். "அவுங்க மெஷின் பழசா இருக்கும்க்கா" என்றான். விசாரித்தால் எங்களுடையதைவிட மெமரி கூடுதலான மெஷின். சரி, நாங்களும் விடாமல் திறந்து மூடிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தோம். அது ஆடி மாதம். ஆடியில் போடிக்குள் நுழைகிற காற்றுக்கு முதல் பலி மின்கம்பிதான். நன்றாகத் திறந்து மூடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விடும். எங்கள் யூ.பி.எஸ். கீச்சு கீச்சென்று கத்திவிட்டு, கணினியையும் கூட்டிக்கொண்டு படுத்துவிடும். கரண்ட் வந்ததும் முதலிலிருந்து தொடங்குவோம். ஒரு தடவைகூட எங்களிடம் பிரவுசர் சாகவில்லை. "அந்தப் பிள்ளை பயத்துல என்னத்தையோ தப்பாச் செய்யுது" என்று தீர்ப்பு எழுதிவிட்டோம்.

தேர்வுக்கு முந்தின நாள் காலையில் ஜின்சி மறுபடி கூப்பிட்டாள். இந்தத் தடவை பேச்சு வரவில்லை, அழுகைதான் வந்தது. முதலாளி எட்டிப் பார்த்தார். அவர் எதற்கும் "போட்ருவோம், பாத்துக்கலாம்" என்கிற ஆள். அவரே கொஞ்சம் கலங்கிப்போய், "ஆத்தா, நீயே ஒரு எட்டு மேல போயிப் பாத்துட்டு வந்துரு" என்றார். அடுத்த ஜீப்பில் ஏறினேன். தோட்டத்துக்கு வேலைக்குப் போகிற பெண்கள் நெருக்கி இடம் கொடுத்தார்கள். என் மடியில் லேப்டாப், அதன்மேல் யாருடையதோ பூண்டுப் பை. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அந்தப் பெண்ணைத் திட்டிக்கொண்டே போனேன்.

ஆராய்ச்சி நிலையத்தில் கரண்ட் பிரச்சினையே இல்லை. நோய் இலைகளைக் குளிரில் வைத்திருப்பதால் ஜெனரேட்டர், பெரிய பேட்டரி எல்லாம் உண்டு. ஜின்சியின் மெஷினில் நான் உட்கார்ந்தேன். முதல் மாதிரியைத் திறந்தேன், மூடினேன், இரண்டாவதைத் திறந்தேன், மூடினேன். மறுபடியும் முதலாவது, மறுபடியும் இரண்டாவது. கல்லுப் பிள்ளையார் மாதிரி அசையாமல் ஓடியது.

"பாத்தியா?" என்றேன். என் குரலில் இருந்த தோரணையை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

அவள் உட்கார்ந்தாள். அதே மெஷின், அதே பக்கம், அதே மவுஸ். கொஞ்ச நேரத்தில் சோக மூஞ்சி வந்தது. நான் உட்கார்ந்தேன், ஓடியது. அவள் உட்கார்ந்தாள், செத்தது.

"எனக்கு மட்டும் ஏதோ சாபம் போல அக்கா" என்று அழவும் சிரிக்கவும் தெரியாமல் நின்றாள். இன்னொரு தடவை என்னை உட்காரச் சொல்லிவிட்டு, திரையைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்க ஒவ்வொண்ணும் தொறக்கறதுக்கு முன்னால எதையோ அமுக்கறீங்க."

"எதை? ஒண்ணையும் அமுக்கலியே."

"அமுக்கறீங்க. அந்த மேல் வரிசைப் பொத்தான். நீங்க அமுக்குன உடனே நான் வச்ச கோணமும் போயிருது."

குனிந்து பார்த்தேன். என் இடது கை விரல் ரிஃப்ரெஷ் பொத்தானின்மேல் சொகுசாகச் சாய்ந்துகொண்டிருந்தது.

விஷயம் என்னவென்றால், அலுவலகத்தில் ஒவ்வொரு தடவை கரண்ட் போய் வரும்போதும் பிரவுசர் பழைய பக்கத்தை அரைகுறையாகத் திறந்து வைத்திருக்கும். அதில் வேலை பார்த்து ஏமாந்த பிறகு முதலாளி ஒரு சட்டம் போட்டார்: எதைத் திறந்தாலும் முதலில் ரிஃப்ரெஷ். பிள்ளையார் சுழி போடுவதுபோல அது எங்கள் கையோடு வந்துவிட்டது. முந்தின வருஷக் காற்றுக் காலம் முடிந்தும் விரல் ஓயவில்லை. புதிதாக வந்தவர்களும் பக்கத்து நாற்காலியைப் பார்த்து அழுத்தப் பழகினார்கள். ரிஃப்ரெஷ் என்பது பக்கத்தைத் துடைத்துப் புதிதாகத் தொடங்குவது; அதுவரை சேர்ந்த குப்பை முழுவதும் போய்விடும். எங்கள் மென்பொருள் குப்பையைச் சேர்த்துக்கொண்டே இருந்தது, எங்கள் விரலும் போடிக் கரண்டும் அதை அள்ளிக்கொண்டே இருந்தன. மென்பொருள் நன்றாக இருக்கிறதென்று நாங்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தோம்.

செல்வத்தைக் கூப்பிட்டு விவரத்தைச் சொன்னேன். மறுமுனையில் கீபோர்டைத் தட்டி நிரலைத் தேடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் மெதுவாக, "அக்கா, மூடும்போது திரையிலருந்து எடுத்துர்றோம். ஆனா கிராபிக்ஸ் கார்டுகிட்ட இத விட்ருன்னு சொல்லவே இல்ல போலருக்கு" என்றான். அதாவது சாப்பிட்டவரை வாசல்வரை அனுப்பிவிட்டு, இலையை எடுக்காமலே அடுத்த பந்தியை உட்காரவைத்த கதை. பிரவுசர் தன் பங்கு குப்பையைத் தானே பார்த்துக்கொள்ளும். கிராபிக்ஸ் கார்டில் நாம் ஏற்றியதை நாம்தான் இறக்க வேண்டும்.

"வெரசா எழுதிர்றேன்க்கா. சாயங்காலத்துக்குள்ள ஏத்திரலாம்" என்றான் செல்வம். போனை முதலாளி வாங்கிக்கொண்டார். "போட்ருவோம் ஆத்தா. பாத்துக்கலாம்."

"போட வேணாம்ணே."

"என்ன வேணாங்கற? நோவு என்னன்னு தெரிஞ்சுபோச்சு, மருந்து ரெடியாகுது."

"நாளைக்கு அந்தப் பிள்ளைக்குப் பரீட்சைண்ணே. மருந்த இன்னிக்கு ராத்திரி அதுக்குக் குடுத்துச் சோதிக்கச் சொல்றீங்களா? செல்வம் எழுதட்டும். ஆனா ஏத்தக்கூடாது. மீறி ஏத்துனா நான் கீழ வரவே மாட்டேன், இங்கயே ஏலக்கா பறிக்கப் போயிருவேன்."

ஜின்சி என்னைப் பயத்தோடு பார்த்தாள். குணப்படுத்த வந்தவள் மருந்தைத் தடுக்கிறாளே என்று அவளுக்கு இருந்திருக்கும். ஆனால் இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். எங்களிடம் இருந்த கோளாறு எங்களுக்குத் தெரிந்த கோளாறு. எப்போது வரும், எதனால் வரும், எவ்வளவு தாங்கும் என்று உட்கார்ந்து பார்க்கலாம். அன்று எழுதுகிற திருத்தத்துக்குள் என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்த கோளாறோடு ஒரு நாள் குடித்தனம் நடத்தலாம். பின்னால் செல்வத்தின் அந்த முதல் திருத்தத்தைச் சோதித்தபோது, இரண்டாவது மூலக்கூறைத் திறந்ததும் முதலாவதின் நிறமெல்லாம் இதற்கு வந்து ஒட்டிக்கொண்டது. ஒட்டியதா இல்லையா என்பதைக் காட்ட வேண்டிய தேர்வில் அது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ரிஃப்ரெஷ் போடவும் வழியில்லை. போட்டால் கோணம் போய்விடும், கோணம் போனால் தேர்வாளர் கேட்டதே போய்விடும். ஆகக் குப்பை சேருவதை நிறுத்த முடியாது, சேரும் அளவைக் குறைக்கலாம். "உன் கண்டுபிடிப்பு ஓரிடத்துலதானே இருக்கு? முழு நூலும் எதுக்கு? ஒரு முழம் வெட்டி வச்சுக்க. அதையே மாத்தி மாத்திக் காட்டு" என்றேன். ஜின்சி முகம் வாடிவிட்டது.

"அப்பச்சன் வர்றாங்கக்கா. முழுசாக் காட்டறேன்னு சொல்லியிருக்கேன்."

அப்பச்சன் என்றது அவள் அப்பாவை. அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டில்தான் தங்கினேன். மீன் குழம்பும் கப்பைக் கிழங்கும் வைத்துவிட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தார். சின்னத் தோட்டம், நிழல் மரங்களுக்குக் கீழே பாதி இடம் வெறுமையாகக் கிடந்தது. கட்டே வந்து அத்தனையையும் அவரே பிடுங்கித் தீ வைத்தவர்.

"பன்னின்னா காலடியக் காணலாம், பூச்சின்னா இலையத் திருப்பினாக் காணலாம்" என்றார். "இது யாரு, என்ன உருவம், ஒண்ணும் தெரியாமலே நட்ட கையால பிடுங்கினேன். நாளைக்கு என் மோள் காட்டறேங்குது. அதுக்குத்தான் வெள்ளச் சட்ட தேய்ச்சு வச்சிருக்கேன்."

ஒரு முழம் வெட்டச் சொன்ன வாய் என்னுடையது. என்றாலும் பட்டத்தைப் பணயம் வைத்து நூலைக் காட்ட முடியாது. மத்தியானமே ஜின்சியை உட்காரவைத்து, தேர்வு எவ்வளவு நேரம் நடக்குமோ அதைவிடக் கூடுதலாக, அந்தச் சின்னத் துண்டை மாற்றி மாற்றித் திறக்கவைத்திருந்தேன். என் இடது கையைத் தொடைக்கு அடியில் போட்டு அமர்ந்துகொண்டேன். மெமரி மெல்ல மெல்ல ஏறியது, ஆனால் கூரையை முட்டவில்லை. அதற்குமேல் அவளிடம் நான் எதையும் மறைக்கவில்லை. எங்கள் குறை இன்னது, இன்ன இடத்தில் உடையும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். முழு நூலைத் திறப்பதா வேண்டாமா என்பதை அவளே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் கூடத்தில் நல்ல கூட்டம். அங்கெல்லாம் ஆய்வுத் தேர்வு யாரும் வந்து பார்க்கக்கூடியது. தோட்டக்காரர்கள் கம்பளிச் சட்டையோடு பின்வரிசையில் இருந்தார்கள், நானும் அங்கேதான். தேர்வாளர் கண்ணாடிக்கு மேலே பார்க்கிற ஓர் அம்மா. சிரிப்பைப் போடிமெட்டுச் சோதனைச்சாவடியில் இறக்கி வைத்துவிட்டு வந்தவர் மாதிரி இருந்தார்.

"இடது பக்கம் திருப்புங்க. நிறுத்துங்க. இப்ப ஒட்டினதைக் காட்டுங்க. மறுபடி முதல்ல இருந்ததைக் காட்டுங்க." அவர் விடுவதாக இல்லை. ஜின்சி மாற்றினாள், திருப்பினாள், மறுபடி மாற்றினாள். சின்னத் துண்டு சமர்த்தாக நின்றது. ஒட்டிய இடம் ஒரே கோணத்தில் வந்து வந்து போக, பின்வரிசையில் இருந்தவர்களுக்கே வித்தியாசம் புரிந்துவிட்டது. அப்போது அந்த அம்மா கேட்டார்: "முழு வைரஸையும் கட்டியிருக்கிறதா எழுதியிருக்கீங்க. ஏன் காட்டலை?"

ஜின்சி ஒரு நொடி என் பக்கம் பார்த்தாள். பிறகு நேராகச் சொன்னாள். "இருக்கு மேடம். ஆனா மாத்தி மாத்தித் தொறந்தா இந்த மென்பொருள் தாங்காது, மூடினப்புறமும் மெமரிய விடாது. காரணத்த நேத்துதான் கண்டுபிடிச்சோம். முழுசத் தனியா ஒரு தடவை தொறக்கலாம், ரொம்பக் கிட்ட போனாச் செத்துரும். அதனால கேள்வியெல்லாம் முடிஞ்சப்புறம் காட்டறேன்."

நம் சரக்கின் ஓட்டையைச் சபையில் வைத்துவிட்டாளே என்று நான் நாற்காலிக்குள் புதைந்தேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "எங்க உடையும்னு தெரிஞ்சு வச்சுக்கிட்டுப் பேசறீங்க. பொதுவா மத்தவங்க அத நாங்க கண்டுபிடிக்கிற வரைக்கும் காத்திருப்பாங்க" என்றார். அதன்பிறகு இரண்டொரு கேள்விதான். கொஞ்ச நேரத்தில் எழுந்து நின்று, பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாகச் சொன்னார். கூடமே கைதட்டியது. நான் கொஞ்சம் அதிகமாகவே தட்டினேன், கண்ணும் கொஞ்சம் கலங்கியது, அதைச் சொல்வதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

டீயும் கேக்கும் வந்ததும் எல்லாரும் அந்தப் பக்கம் நகர்ந்தார்கள். வெள்ளைச் சட்டைக்காரர் மட்டும் நகரவில்லை. "மோளே, அது?" என்றார்.

ஜின்சி பக்கத்தைத் துடைத்துப் புதிதாகத் தொடங்கி, முழு நூலையும் திறந்தாள். மெஷினின் விசிறி அலறியது. சுவரின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை, லேசாக வளைந்து, சுருள்மேல் சுருளாக அது வந்து நின்றது. டீயை எடுத்தவர்கள் அப்படியே திரும்பினார்கள். அவர் திரைக்கு அருகில் போனார். புரொஜெக்டர் வெளிச்சத்தில் அதன் நிறங்கள் அவர் சட்டைமேலும் விழுந்தன.

"இன்னும் கிட்டத்துல காட்டு" என்றார்.

ஜின்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கிட்டத்தில் போனால் என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வேலையில் சேர்ந்த நாள் முதல், பார்க்கிறவர் முன்னால் திரை சாகக்கூடாது என்பதற்காகவே எல்லாரிடமும் சண்டை போட்டவள் நான். சரி என்று தலையை ஆட்டினேன்.

அவள் கிட்டத்தில் போனாள். ஒரு சுருள் தெரிந்தது, அதில் ஒரு புரதம் தெரிந்தது, அதில் அணு அணுவாக உருண்டு திரண்டு வந்தது. அவர் கையை நீட்டி அதைத் தொட்டார். அந்த நேரம் பார்த்து விசிறிச் சத்தம் அடங்கி, சுவர் முழுக்க வெள்ளையாகி, நடுவில் சோக மூஞ்சி வந்து உட்கார்ந்தது. ஜின்சி பதறிப்போய், "அப்பச்சா, ஒரு நிமிஷம், மறுபடி தொறக்கறேன்" என்றாள்.

அவர் சுவரிலிருந்து கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"வேணாம் மோளே. ஆளப் பாத்துட்டேன்."